பின் வளவில் முதியோர் குடியிருப்பு: ஆட்சேபத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வளவுக்குப் பின்னால், வாவிப் பக்கமாக, 40 வீடுகள் கொண்ட மூன்று மாடி முதியோர் குடியிருப்பு வரப்போகிறதாம். அங்கே போகும் ஒழுங்கை 10 அடிதான். இப்போதே கிரவல் கொட்டி நிரவுகிறார்கள். ‘அமைதியான இடத்தில் முதியோர் இல்லம் வேண்டாம்’ என்று 30 பேர் கையெழுத்து வைத்திருக்கிறோம். தடையுத்தரவு எடுக்கலாமா?

பதில்: அந்த மனுவை அப்படியே கொடுக்க வேண்டாம். முதியவர்கள் குடிவருவது சட்டத்தின் கண்ணில் ஒரு குறையே அல்ல. பிள்ளைகள் கடல்கடந்து போக, தனித்திருக்கும் பெரியவர்களுக்கு நம்மூரில் இப்படியொரு இடம் தேவையும்கூட. ஆனால் ஒழுங்கை, வெள்ளம், மலசலக் குழி என்ற மூன்றும் உண்மையான காரணங்கள். அவற்றை அளவோடு எழுதுங்கள்.

மாநகர எல்லைக்குள் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வேலை தொடங்க முடியாது. சுவர் எழுப்புவது மட்டுமல்ல, நிலத்தில் செய்யும் பொறியியல் வேலையும் ‘அபிவிருத்தி’க்குள் அடங்கும். ஆகவே கிரவல் கொட்டுவதைப் பற்றி இன்றே மாநகர ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம். அனுமதியின்றி வேலை நடந்தால் அதே சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நிறுத்தும்படி அதிகாரிகள் அறிவித்தல் கொடுக்கலாம். கேட்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

அதே நாளில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பப் படிவம், நில அளவைப் படம், தள வரைபடம், மற்றத் திணைக்களங்களின் அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். முடிவைச் சொல்ல அவருக்கு 14 வேலை நாள்கள் உண்டு. கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பாவனை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பதை. ‘குடியிருப்பு’ என்று அனுமதி எடுத்துவிட்டு, பராமரிப்பு நிலையமாக நடத்தினால் அது வேறு பாவனை.

ஒழுங்கை விடயத்தில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கக்கூடும். காணி உறுதியையும் (பத்திரம்) பழைய நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். அது சபையின் வீதியா, அல்லது உங்கள் வளவுக்குள்ளால் பின்காணிக்குக் கொடுத்த வழியுரிமையா? ஒரு வீட்டுக்கென்று கொடுத்த வழியுரிமையை 40 வீடுகளுக்கென்று பாரமாக்க முடியாது. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரிய வழக்கு. சபையின் வீதியென்றால் அகலத்தை நான்கைந்து இடங்களில் நாடாவால் அளந்து படம் எடுங்கள். உறுதியில் 10 அடி இருக்கும். மதகடியில், மின்கம்பம் நிற்கும் இடத்தில் எட்டடிதான் மிஞ்சும். நோயாளர் காவுவண்டியும் தீயணைப்பு வண்டியும் அந்த எட்டடியால்தான் போக வேண்டும். உள்ளே இருக்கப்போவது நடமாட முடியாத பெரியவர்கள் என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்காகவும்தான்.

அடுத்தது தண்ணீர். மாரியில் உங்கள் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வாவிக்கு வடிகிறதோ, அந்தப் பள்ளம் மேடானால் அது உங்கள் முற்றத்தில் நிற்கும். கடந்த மாரிப் படங்களும், கிணற்றுக் கட்டில் தண்ணீர் நின்ற தடத்தின் உயரமும் வேண்டும். கரையோரம் பேணல் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கடலோடு தொடுக்கும் வாவியின் ஓரத்திலிருந்து 100 மீற்றர் வரை கரையோர வலயத்துள் அடங்கும். காணி அதற்குள் விழுந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. பலர் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கேட்டு நாளை வீணாக்குகிறார்கள். பொதுவாக அது 1000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே. ஆனால் கரையோர வலயமென்றால் அந்தத் திணைக்களம் தனியாகக் கேட்கலாம்.

நம் மணல் தரையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. 40 வீட்டுக் கழிவு உறிஞ்சு குழியில் இறங்கினால் கிணறுகள் கெடும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கேட்பது. உங்கள் கிணறுகளை வரைபடத்தில் குறித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டை நிபந்தனையாக்கும்படி எழுதுங்கள். ஒழுங்கையை அகலமாக்குவது, வடிகான் கட்டுவது, மாடிகளைக் குறைப்பது ஆகியவற்றையும் நிபந்தனையாகக் கேட்கலாம். ‘முற்றாக மறுக்கவும்’ என்பதைவிட இவையே அனுமதியைப் பரிசீலிக்கும் குழுவில் எடுபடும்.

தடையுத்தரவுக்கு இப்போது அவசரமில்லை. இந்தக் காரணங்களைப் பாராமல் அனுமதி கொடுத்தால் அதை இரத்துச் செய்யும் எழுத்தாணை (ரிட்) கோரி மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். சுணங்கினால் அதையே காரணம் காட்டி நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிடக்கூடும். அனுமதிப்பத்திரத்தின் பிரதி கிடைத்த வாரமே வழக்கறிஞரிடம் போங்கள்; பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுபோங்கள்.