குழந்தை வந்து சேரும் முன்பே ஆர்டர் போட வழி கேளுங்கள்
குழந்தையின் பதிவு முடியும்வரை கணினியில் மருந்து ஆர்டர் போட முடியவில்லை, ஐசியூ குழந்தைகளுக்கு மருந்து தாமதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்களுடையது இல்லை சிஸ்டர். 2002இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையிலும் இதுதான் நடந்தது. முன்பெல்லாம் குழந்தை வரும் வழியிலேயே மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள். கணினியில் ஆர்டர் போடும் மென்பொருள் வந்தபின் அது நின்றுபோனது. வேறு இடங்களிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது. படிக்கவே மனம் பதறுகிறது. அதே மென்பொருள் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தபோது இறப்பு கூடவில்லை. ஐசியூவில் வழக்கமாகத் தேவைப்படும் ஆர்டர்களின் தொகுப்புகளை முன்பே தயாராக வைத்திருந்தார்கள்.

நீங்களும் குழந்தை வரும் முன்பே பதிவு செய்யும் வசதியையும், அவசரத்தில் வாய்மொழி ஆர்டரையும் கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு தாமதத்தையும் நேரம் போட்டு எழுதி வையுங்கள். நிர்வாகத்திடம் பேசும்போது கைகொடுக்கும்.