சால்வர் காத்திருக்கிறது, மாடல் இன்னும் வரவில்லை

கேள்வி: பைத்தானில், கணித மாடல்களை எழுத உதவும் பல்ப் (PuLP) நூலகத்தை வைத்து ஒரு விநியோக மாடல் எழுதியிருக்கிறேன். 200 கிடங்குகள், 1,000 வாடிக்கையாளர்கள், 52 வாரங்கள். எந்த வாரம் எந்தக் கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பக்கூடிய கிடங்குகள் ஐந்துதான், மற்றவற்றுக்கெல்லாம் பூஜ்யம் என்று கட்டுப்பாடு போட்டுவிட்டேன். சால்வர் (மாடலுக்குச் சிறந்த விடையைத் தேடித் தரும் மென்பொருள்) சில நிமிடங்களில் விடை தந்துவிடுகிறது, ஆனால் மாடல் தயாராவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. வேகமான கணினி வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள், பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 200 × 1,000 × 52 என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு கோடியே 4 லட்சம் மாறிகள், அதாவது சால்வர் மதிப்புக் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். உண்மையில் தேவைப்படுபவை 5 × 1,000 × 52, அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம். நாற்பதில் ஒரு பங்கு! மீதியை எல்லாம் பைத்தான் ஒவ்வொன்றாக உருவாக்கி, பெயர் வைத்து, பூஜ்யம் என்று கட்டி, கோப்பில் எழுதி, சால்வரிடம் கொடுக்கிறது. சால்வர் வாங்கியதும் முதல் வேலையாக பிரிசால்வ் என்ற, மாடலைச் சுருக்கும் கட்டத்தில் அத்தனையையும் தூக்கி எறிகிறது. சால்வர் நேரம் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எறியப்படப் போவதை உருவாக்கத்தான் உங்கள் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

அதனால் முதலில், அனுப்ப முடிகிற (கிடங்கு, வாடிக்கையாளர், வாரம்) கூட்டுகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, அந்தப் பட்டியலின் மேல் மட்டும் மாறிகளை உருவாக்குங்கள். மூன்று லூப்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து உள்ளே ஓர் 'இஃப்' போடுவது இதற்குச் சமம் ஆகாது, அந்த ஒரு கோடி சுற்றும் அப்போதும் ஓடத்தான் செய்யும்.

அப்புறம் கட்டுப்பாடுகள். இங்கேதான் அனுபவம் உள்ளவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். கிடங்கின் கொள்ளளவுக்கு வாரத்துக்கு ஒன்று என்று 200 × 52, மொத்தம் 10,400 கட்டுப்பாடுகள். ஒவ்வொன்றையும் எழுதும்போது 'இந்தக் கிடங்கு, இந்த வாரம் எதெதில் இருக்கிறது' என்று முழுப் பட்டியலையும் தேடினால் 10,400 × 2,60,000, ஏறத்தாழ 270 கோடி சோதனைகள். மாறிகளைக் குறைத்த பிறகும் இது அப்படியே இருக்கும், நிரல் ஏன் இன்னும் நகரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். மாற்று வழி எளிது. பட்டியலை ஒரே ஒருமுறை கடந்து போய், ஒவ்வொரு மாறியையும் (கிடங்கு, வாரம்) என்ற சாவியின் கீழ் ஒரு டிக்‌ஷனரியில் சேர்த்துவிடுங்கள், வாடிக்கையாளர் பக்கத்துக்கு இன்னொரு டிக்‌ஷனரி. இதற்கு 2 லட்சத்து 60 ஆயிரம் அடிகள் போதும், பிறகு ஒவ்வொரு கட்டுப்பாடும் தனக்குரிய சிறு பட்டியலை நேராக எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கூட்டல். பைத்தானின் சாதாரண 'சம்' இங்கே வேண்டாம். பல்ப்பில் இரண்டு கோவைகளை (மாறிகளின் கூட்டல் தொடர்களை) கூட்டினால் இடப்பக்கக் கோவை முழுவதும் நகலெடுக்கப்பட்டு, அந்த நகலில்தான் புதிய உறுப்பு சேரும். 25 உறுப்புகள் உள்ள கட்டுப்பாட்டில் இது தெரியாது. உங்கள் குறிக்கோள் சார்பில், அதாவது மொத்தச் செலவுக்கான கோவையில், 2,60,000 உறுப்புகள் இருக்கின்றன, முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று நகலெடுத்துக்கொண்டே போனால் மொத்தம் 3,380 கோடி உறுப்பு நகல்கள். பல்ப்பின் 'எல்பிசம்' ஒரே கோவையில் சேர்த்துக்கொண்டே போகும், அதைப் பயன்படுத்துங்கள். குரோபி (Gurobi) என்ற சால்வர், பயோமோ (Pyomo) என்ற இன்னொரு மாடல் நூலகம் இரண்டிலும் இதே வேலைக்கு 'குவிக்சம்' இருக்கிறது.

செலவு விவரங்களை பாண்டாஸ் அட்டவணையில் வைத்து லூப்புக்குள் 'லோக்' போட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறீர்களா? அதையும் முன்கூட்டியே டிக்‌ஷனரியாக மாற்றிவிடுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டேட்டா படிப்பது, மாறிகள், கட்டுப்பாடுகள், கோப்பு எழுதுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நேரம் அளந்து வையுங்கள், பைத்தானோடு வரும் சிபுரொஃபைல் என்ற நேரம் அளக்கும் கருவி போதும். அளக்காமல் திருத்த ஆரம்பித்து, இரண்டு நொடி எடுக்கும் இடத்தில் இரண்டு நாளைச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அது நேரக்கூடாது.

கேள்வி: தேவை அளவை மட்டும் மாற்றி ஒரே மாடலை 100 முறை ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. தேவை என்பது கட்டுப்பாட்டின் வலப்பக்க எண்தானே, மாடலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் மாற்றுங்கள். குரோபியில் நேரடியாக மாற்றலாம், பயோமோவில் 'பெர்சிஸ்டென்ட்' வகை சால்வர் இணைப்பு இதற்காகவே இருக்கிறது. நேரியல் மாடலாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. வலப்பக்கம் மட்டும் மாறும்போது பழைய விடையின் பேசிஸ் (விடையைத் தீர்மானிக்கும் மாறிகளின் தொகுப்பு), டியூவல் சிம்ப்ளெக்ஸ் என்ற தீர்க்கும் முறைக்குத் தொடக்கப் புள்ளியாக அப்படியே செல்லுபடியாகும், அதனால் தீர்க்கும் நேரமும் பெரும்பாலும் குறைகிறது. முழு எண் மாறிகள் இருந்தால் பழைய விடையைத் தொடக்க விடையாகக் கொடுத்துப் பாருங்கள். புதிய தேவைக்கு அது பொருந்தாமலும் போகலாம், அப்போது சால்வர் அதை ஒதுக்கிவிடும் அல்லது சரிசெய்யப் பார்க்கும்.

குரோபி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றங்களை அது சேர்த்து வைத்து மொத்தமாகச் செய்யும், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் 'அப்டேட்' கூப்பிட்டால் அந்த வசதியை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கேள்வி: பைத்தானை விட்டுவிட்டு ஜூலியா மொழிக்குப் போகலாமா, இல்லை மேட்ரிக்ஸாகவே கொடுத்துவிடலாமா?

பதில்: ஜூலியாவின் ஜம்ப் (JuMP) நூலகம் மாடல் கட்டுவதில் நல்ல வேகம், மறுக்க மாட்டேன். முதல் ஓட்டத்தில் கம்பைல் ஆக நேரம் எடுக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். மாறிகளுக்குப் பெயர் வைப்பதை நிறுத்தி, 'டைரக்ட்' முறையில் சால்வரோடு நேராக இணைத்தால் நினைவகமும் மிச்சமாகும். ஆனால் 270 கோடி சோதனைகள் செய்யும் நிரலை அப்படியே ஜூலியாவில் எழுதினால், அங்கேயும் அதே 270 கோடிதான்.

மேட்ரிக்ஸ் வழி வேறு விதம். வரிசை எண், நெடுவரிசை எண், மதிப்பு என்று மூன்று நீண்ட நம்பை (NumPy) அரேக்களைத் தயாரித்து, அதிலிருந்து பூஜ்யங்களைச் சேமிக்காத ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் உருவாக்கிக் கொடுக்கலாம். சைபை (SciPy) நூலகத்தில் 2022-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து முழு எண் மாடல்களையும் இப்படிக் கொடுக்க முடிகிறது, உள்ளே வேலை செய்வது ஹைஸ் (HiGHS) சால்வர். லட்சக்கணக்கான கோவைப் பொருள்களை பைத்தான் உருவாக்க வேண்டியதில்லை என்பதால் வேகம் அதிகம்தான். ஆனால் 48,317-வது வரிசை எந்த வாடிக்கையாளரின் எந்த வாரம் என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும், அதற்கான எண்–பெயர் அட்டவணையையும் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். மாடலின் வடிவம் அடிக்கடி மாறுகிறது என்றால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாது என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிடாமல், 3 கிடங்கு, 10 வாடிக்கையாளர் அளவில் இரண்டையும் ஓட்டி, குறிக்கோள் மதிப்பு ஒன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.