சம்பா வயலில் பச்சைத் தத்துப்பூச்சி: இரண்டு இனத்தைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. வயலில் இறங்கினால் பச்சை நிறச் சின்னப் பூச்சிகள் கிளம்புகின்றன. சிலவற்றின் இறக்கையில் கறுப்புப் புள்ளி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இரண்டும் வேறு வேறு பூச்சியா? மருந்து அடிக்கலாமா?
- திருவாரூர் மாவட்ட விவசாயி

பதில்: வணக்கம். நீங்கள் சொல்வது பச்சைத் தத்துப்பூச்சி. புள்ளி உள்ளது பெரும்பாலும் ஆண், இல்லாதது பெண். ஆணுக்கு இறக்கை நுனியும் கறுத்திருக்கும். பெண்ணுக்கு வெளிறிய பழுப்பாக இருக்கும். ஆகவே புள்ளியை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது. சில ஆண் பூச்சிகளுக்கும் புள்ளி இருக்காது.

நம் நெல்வயலில் முக்கியமாக இரண்டு இனம் உண்டு: நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ், நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். இரண்டும் 3 முதல் 5 மி.மீ. நீளம்தான். நாலைந்து பூச்சிகளைப் பிளாஸ்டிக் பையில் பிடித்து, சிறிது நேரம் குளிரில் வைத்தால் துள்ளாமல் கிடக்கும். 10 மடங்கு லென்ஸில் உச்சந்தலையைப் பாருங்கள். இரு கண்களுக்கும் நடுவே, முன்விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை ஓடினால் நைக்ரோபிக்டஸ். அதற்குத் தலைக்கு அடுத்துள்ள கழுத்துப்பட்டையின் முன்விளிம்பும் கறுத்திருக்கும். தலை துப்புரவாகப் பச்சையாக, முன்பக்கம் சற்றுக் கூர்மையாக இருந்தால் வைரசென்ஸ். துங்ரோ என்ற நெல் நோயின் நச்சுயிரியைப் பரப்புவதில் கெட்டிக்காரன் இந்த வைரசென்ஸ்தான். இனத்தைப் பார்க்கச் சொல்வதே அதற்காகத்தான்.

வேறு தத்துப்பூச்சிகளும் கலந்திருக்கலாம். உடல் முழுக்க வெள்ளையாக, தலையில் கறுப்புப் புள்ளிகளோடு பெரிதாக இருப்பது வெள்ளைத் தத்துப்பூச்சி. இறக்கையில் பழுப்புக் கோடு வளைந்து வளைந்து போனால் அது வரித் தத்துப்பூச்சி. தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பாக அப்பியிருந்தால் அது புகையான் என்ற வேறொரு பூச்சி. பச்சைத் தத்துப்பூச்சி மேல் இலைகளில் இருக்கும். தொட்டால் பக்கவாட்டில் நகரும்.

மருந்துக்கு முன் எண்ணிப் பாருங்கள். வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளை (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளை) தட்டிப் பார்த்துச் சராசரி எடுங்கள். வளர்ச்சிப் பருவத்தில் குத்துக்கு 5, பூக்கும் பருவத்தில் 10 வரை பொறுக்கலாம். துங்ரோ வழக்கமாக வரும் பகுதி என்றால் 2 பூச்சியே போதும், நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகி, குட்டையாகி, தூர் குறைந்த குத்துகள் திட்டுத் திட்டாக இருந்தால் துங்ரோ என்று சந்தேகிக்கலாம். தழைச்சத்துக் குறைவு பெரும்பாலும் வயல் முழுக்க ஒரே சீராகத் தெரியும். உறுதி செய்ய, காலை 6 மணிக்குள் இலை நுனியை 10 செ.மீ. வெட்டி, 100 மி.லி. நீரில் 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு கரைத்த கரைசலில் 15 நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள். கருநீலக் கோடுகள் தெரிந்தால் துங்ரோவாக இருக்கலாம். நோய் பிடித்த குத்து தேறாது; பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் ஏக்கருக்கு தயோமீதாக்சாம் 25 டபிள்யூஜி 40 கிராம், அல்லது இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல் 40 மி.லி., 200 லிட்டர் நீரில் கலந்து தெளியுங்கள். வரப்புப் புல்லிலும் பூச்சி தங்கும், அதையும் விடாதீர்கள். கடையில் சைபர்மெத்ரின் வகை மருந்தை நீட்டினால் வாங்க வேண்டாம். அது சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி போன்ற, புகையானைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, அடுத்த சில வாரங்களில் புகையானை வரவழைத்துவிடும்.