முதல் கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால்

தம்பி, குடியை நிறுத்தி 20 நாட்கள் ஆகின்றன, முதலில் போன ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்தில் எல்லோரும் பெரியவர்கள், வாயே திறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. எனக்கு நான்காவது குழுதான் பொருந்தியது.

மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பும் இருக்கிறது. பேசியே ஆகவேண்டும் என்பதில்லை, கட்டணமும் கிடையாது.

வீட்டுக்குப் பக்கமா என்பதைவிட, டாஸ்மாக் பக்கம் கால் இழுக்கும் அந்த மாலை நேரத்தில் நடக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், தேநீர்க் குவளையோடு நின்ற பத்து நிமிடத்தில்தான் எனக்கு முதன்முதலில் பேச்சே வந்தது.