அல்சைமருக்கு மூளை அழற்சிதான் காரணமா? வலி மாத்திரை போட்டால் தடுக்க முடியுமா?

அழற்சிக்கு, அதாவது கிருமிக்கும் காயத்துக்கும் எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்புக்கு, இதில் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் அதற்காக மாத்திரை வேண்டாம். அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்த புதிதில் நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான்.

அழற்சி என்றதும் மூளை வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஸ்கேனில் பார்த்தால் சுருங்கியிருந்தது! இது சுளுக்கிய கால் வீங்குவதைப் போன்றதல்ல. செல் அளவில், சத்தமில்லாமல், வருடக்கணக்கில் நடப்பது.

இதில் முக்கியமானவை மைக்ரோகிளியா என்ற செல்கள். மூளையின் காவல்காரர், துப்புரவாளர் இரண்டும் அவைதான். அமிலாய்டு என்ற புரதம் படிந்தால் சுற்றி வளைத்து நின்று, முடிந்ததை விழுங்கி, மற்றது பரவாமல் பார்த்துக்கொள்ளும். படிவு தீராமல் சேர்ந்துகொண்டே போனால்தான் சிக்கல். ஓயாமல் அழற்சி வேதிப்பொருட்களைச் சுரந்து, பக்கத்திலுள்ள நல்ல நரம்புச் செல்களுக்கும் கெடுதல் செய்யத் தொடங்கும். நரம்புகளுக்கு இடையேயான இணைப்புகளையே அவை தின்றுவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் அடக்கிவிடலாமே? அங்கேதான் இடிக்கிறது. மூளையில் பெரும்பாலும் மைக்ரோகிளியாவில் இயங்கும் மரபணு ட்ரெம்2. அதில் ஓர் அரிய மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு என்று 2013இல் தெரியவந்தது. அந்த மாற்றம் காவல்காரரை முடுக்கிவிடுவதில்லை, மந்தமாக்குகிறது. ஆக, அவர் தூங்கினாலும் ஆபத்து, வெறிபிடித்தாலும் ஆபத்து.

மாத்திரை நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் இந்நோய் குறைவாகத் தென்பட்டது. நோயாளிகளுக்கே நாப்ராக்சன், ரோஃபிகாக்ஸிப் என்ற அத்தகைய மாத்திரைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2003இல் வந்த முடிவு: பலனில்லை. நோய் இல்லாத முதியவர்களிடம் தொடங்கிய தடுப்புச் சோதனையில், இதயத்துக்கு ஆபத்தோ என்ற பயத்தில் 2004இல் மாத்திரையை நிறுத்தினார்கள். அதிலும் தடுத்ததாகத் தெரியவில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் தனிக்கணக்கு.

அழற்சி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது வேறொன்று. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும் அல்சைமர் உள்ளவர்களுக்குக் குழப்பம் சட்டென்று கூடிவிடலாம். ஒருநாள் காலையில் அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் இடிந்துபோனோம். டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தொற்றுதான். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் மறுபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.