பதில்: சேறு வந்தால் சாப்பாடு கூடும்தானே?

தங்கச்சி, "பனியாறு உருகிச் சேறு கலந்தால் வடிகட்டி உண்ணும் உயிர்களுக்குச் சாப்பாடு கூடும்தானே, டீச்சர் ஏன் பிழை போட்டார்?" என்று கேட்டிருந்தீர்கள். டீச்சர் சொன்னது சரி.

நானும் ஹட்டன் பக்கம்தான். மழைக்காலத்தில் எங்கள் லயத்துப் பீலி வாயில் துணி கட்டுவோம். விடியப் பார்த்தால் துணி செம்மண் அப்பிக் கனத்துத் தொங்கும், தண்ணீர் பக்கத்தால் வழியும். கடலடியில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ணும் பை போன்ற உயிர்தான் கடற்பீச்சி; அதன் உடம்புக்குள் இருக்கும் சல்லடைக்கும் இதே கதிதான். பனியாறு அரைத்துக் கொண்டுவருவது பெரும்பாலும் பாறைத்தூள். அதில் பாசித் துணுக்கு கொஞ்சம், கல்மாவு நிறைய. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது.

அவையும் சும்மா இருப்பதில்லை. கடற்பீச்சி உடம்பைச் சட்டென்று சுருக்கி, தூளை நீரோடு வெளியே பீச்சும். மட்டிகள் வேண்டாததைச் சளியில் உருட்டித் தள்ளும். ஆனால் பீச்சவும் சளி சுரக்கவும் சக்தி செலவாகுமே! சாப்பிட்டதைவிடச் செலவு கூடினால் வளர்ச்சி நின்றுவிடும்.

உதாரணம் வேண்டுமென்றால் அன்டார்ட்டிக்காவின் கிங் ஜார்ஜ் தீவில் உள்ள பொட்டர் குடாவை எழுதுங்கள். 1994இல் அங்கே கடற்பீச்சிகளின் ஆட்சிதான். 1998இல் பார்த்தபோது அவை குறைந்து, வேறு உயிர்களும் கலந்த கூட்டமாக மாறியிருந்தது. பிறகு, இறகுப்பேனா போல மண்ணில் குத்தி நிற்கும் கடற்பேனா என்ற உயிர்கள் பெருகின. லேட்டர்னுலா என்ற மட்டி மண்ணுக்குள் ஆழப் புதைந்து குழாயை மட்டும் மேலே நீட்டும். அதனால் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

அப்புறம், "எல்லாம் அழிந்துவிடும்" என்ற உங்கள் விடையின் கடைசி வரியை வெட்டிவிடுங்கள். பனியாறு பின்வாங்கிய புது இடங்களில் கடற்பீச்சிகள் குடியேறியதும் உண்டு.