கல் பிரிக்கும் ரேக் நம்ம மலைக்கு ஆகுமா?

கேள்வி: ஐயா, வெலிமடைப் பக்கம் ஒரு ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்து கரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். கல்லுக் காணி. கரட் ரெண்டு கால், மூணு கால் விட்டு வருகிறது. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனால் அதையெல்லாம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு போகமும் பொறுக்கினாலும் கல் மறுபடி முளைக்கிறது. ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டி, மண்ணிலிருந்து கல்லைப் பிரித்து ஒதுக்கும் பவர் ரேக்கை ஃபோனில் பார்த்தோம். நாலு சில்லு ட்ரக்டர் வைத்திருக்கும் ஒருவர் அதை வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். நாலு பேர் காசு போட்டு வாங்கலாமா?

பதில்: தம்பி, கல்லைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் சரிவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. காணி ஓயாக்கரை வயலா, மேட்டு நிலமா? வயல் என்றால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். மேடு என்றால் அந்தக் காசை வங்கியில் போடுங்கள்.

மெஷின் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ட்ரக்டரின் பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு, ஒரு நீள உருளையைச் சுற்றும். உருளை முழுக்கக் கெட்டி உலோகப் பல். சில்லு சுற்றும் திசைக்கு எதிராக அது சுற்றுவதால், மண்ணைக் கிளறி கல்லை முன்னால் உருட்டிக்கொண்டே போகும். உருளைக்குப் பின்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மண் மட்டும் நழுவிப் பின்னால் விழும். சுளகில் கொழிக்கும் வேலையேதான், இங்கே இரும்பு செய்கிறது. உருளையைக் கொஞ்சம் சாய்த்துப் பூட்டினால் கல்லெல்லாம் ஒரு பக்கமாக வரிசை கட்டும். பட்டையைக் கிட்ட வைத்தால் சின்னக் கல்லும் சிக்கும், வேலை மெதுவாகப் போகும். தள்ளி வைத்தால் வேகம் கிடைக்கும், சல்லிக்கல் மண்ணோடு தங்கிவிடும்.

நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவில் வீட்டு முற்றத்துக்குப் புல் போட நிலம் தயார் செய்வதாக இருக்கும். அதற்குத்தான் இந்த மெஷின் அதிகம் ஓடுகிறது. புல்லுக்கு மேல் மண் சில அங்குலம் சுத்தமாக இருந்தால் போதும். கரட் அதற்குக் கீழேயும் இறங்க வேண்டும். கல் முட்டிக் கிளை பிரிவது அந்த ஆழத்தில்தான். அதனால் ரேக்கை மட்டும் ஓட்டிப் பயனில்லை. முதலில் கலப்பையால் ஆழ உழுது கல்லை மேலே கொண்டுவர வேண்டும். தேங்காயை விடப் பெரிய கல்லை அலவாங்கு போட்டுக் கிளப்பி, கையால் எடுத்துவிட வேண்டும். பிறகு ரேக், மறுபடி உழவு, மறுபடி ரேக். டீசல் கணக்கை இதற்குத் தகுந்தபடி போடுங்கள்.

ஈர மண்ணில் இது ஓடவே ஓடாது. நம் செம்மண் களி பல்லுக்கிடையே அப்பிக்கொண்டால் உருளை வெறும் மண் உருண்டையாகிவிடும். ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்திப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் ஓட்டலாம். ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று அடிக்கும் காலம் தோதானது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், தலவாக்கலையில், தென்மேற்கு மழை கொட்டும். அவர்கள் ஜனவரி, பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். பாதி உளுத்துப்போன கல் பல்லில் பட்டதும் நொறுங்கிவிடும், அது தொல்லையில்லை. வெள்ளைக்கல், அதாவது கெட்டியான குவார்ட்ஸ் கல்தான் பல்லைத் தேய்க்கும். உதிரிப் பல் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று அந்த ட்ரக்டர்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

இனி சரிவு. மேலும் கீழுமாக ஓட்டினால் ட்ரக்டருக்குப் பக்கவாட்டில் புரளும் ஆபத்து குறைவு. ஆனால் பல் கீறிய ஒவ்வொரு கோடும் முதல் மழைக்கே தண்ணீர் ஓடும் கான் ஆகிவிடும். குறுக்கே ஓட்டினால் மண்ணுக்கு நல்லது, ட்ரக்டர் புரளும். பின்னால் சில நூறு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு சரிவில் திரும்புவது இன்னும் மோசம். மண்ணுக்கும் ஆளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற ஓட்டம் மேட்டு நிலத்தில் கிடையாது. படிக்கட்டாக வெட்டிய பாத்தியில் ட்ரக்டர் திரும்பவே இடமிருக்காது.

கல் முளைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சரிவில் நடப்பது வேறு. மழை பொடி மண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. கனமான கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த போகத்தில் முள்ளு மண்வெட்டி போட்டுக் கொத்தும்போது கீழே கிடந்ததும் மேலே வருகிறது. போன மண் உமா ஓயாவில் இறங்கி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிகிறது. 1951இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்த நாடு இது. அப்படியிருக்க, மேட்டு நிலத்தை மாவாக்கிக் கொடுக்கும் மெஷினை நான் எப்படி வாங்கச் சொல்வேன்?

மேட்டுக்கு என் யோசனை இது. பெரிய கல்லைப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் கல் அணையாக அடுக்குங்கள். கீழ்வரிசைக் கல்லை மண்ணுக்குள் கொஞ்சம் புதைத்து, அணையை மேட்டுப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். இறங்கி வரும் மண் அதில் தங்கும். சின்னக் கல்லை வெளியே கொண்டுபோகவே வேண்டாம். ஸ்கொட்லாந்தில் உருளைக்கிழங்குக்காரர்கள் பெரிய மெஷினால் பாத்தி மண்ணை ஆழமாக அரித்து, கல்லைப் பாத்திகளுக்கு நடுவே ட்ரக்டர் சில்லு ஓடும் தடத்தில் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதைக் கையால் செய்யலாம். பாத்தியில் எடுத்த கல்லை நடைபாதைக் கானில் பரப்புங்கள். கால் வழுக்காது, ஓடும் தண்ணீரின் வேகமும் குறையும். முதல் போகம் கூலி கையைக் கடிக்கும்தான். கரட்டைக் கல் எடுத்த பாத்தியில் மட்டும் போட்டு, மீதியில் லீக்ஸ், கோவா வையுங்கள். இரண்டு கால் விடும் தொல்லை அவற்றுக்கு இல்லை.

காணி வயலாகவே இருந்து மெஷின் வாங்கினால் ஒரு விஷயத்தில் விளையாடாதீர்கள். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது. சாரம் நுனி மாட்டினால் கையை எடுக்க நேரமிருக்காது. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பல்லில் கல் இறுகினால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வரப்புக்கு அப்பால் நிறுத்துங்கள், கல் தெறிக்கும்.

கேள்வி: இராகலையில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டியிருக்கிறோம். வீடு போக மீதி முழுக்கக் கல். லேண்ட் மாஸ்டரில் (ரெண்டு சில்லு ட்ரக்டரில்) ரேக் பூட்டி மரக்கறித் தோட்டம் போடலாமா அண்ணே?

பதில்: ஏழு பேர்ச்சஸ் மொத்தமே 1,900 சதுர அடிதான் தங்கச்சி. வீடும் பாதையும் போனால் லேண்ட் மாஸ்டர் திரும்புவதற்குள் வேலி வந்துவிடும். மேசன்மார் மணல் அரிக்கும் அரிதட்டு ஒன்றை இரவல் வாங்கி, பாத்தி பாத்தியாக அரியுங்கள். அரித்த மண்ணில் மாட்டெரு கலக்காமல் விட்டால் மழைக்குத் தரை இறுகிப்போகும். விரற்கடை அளவுக் கல்லை விட்டுவிடுங்கள், பீன்ஸுக்கும் கீரைக்கும் அது இடைஞ்சல் இல்லை.

கேள்வி: தேயிலை மறுநடுகைக்கு முன் கல் பிரிக்க வேண்டுமா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: வேண்டாம். தேயிலை வேர் கல்லிடுக்கில் நுழைந்து போகும். நடும் குழியில் உள்ள கல்லை எடுத்தால் போதும். அந்தக் கூலிக்குக் குவாத்தமாலா புல்லைப் போட்டு மண்ணை ஆறவிடுங்கள், உங்கள் ஊர் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அதைத்தான் சொல்லும்.